டான்யூப் ஓரமா கருங்கடல் வரைக்கும்: தொண்டுக்காக நாடு விட்டு நாடு சைக்கிள் ஓட்ட நினைக்கிறவங்க அடிக்கடி கேக்குற கேள்விகள்

ஜெர்மனியில பஸ்ஸாவ்லேர்ந்து டான்யூப் ஆத்தோரமா ருமேனியா கருங்கடல் வரைக்கும் மிதிச்சு, அதை வச்சு ஒரு நல்ல காரியத்துக்கு பணம் சேர்க்கணும்னு நம்ம ஆளுங்க நிறைய பேர் இப்ப ஆசைப்படுறாங்க. பிரிட்டன்ல இருக்கறதால என்கிட்ட அங்கேர்ந்தும் கேக்குறாங்க, சென்னை, கோயம்புத்தூர்லேர்ந்தும் கேக்குறாங்க, எல்லாருக்கும் தனித்தனியா பதில் சொல்றதுக்கு பதிலா இங்க எழுதிடறேன். ரூட்டு, வண்டி பத்தின பதில்கள் பின்னாடி வரும். முன்னாடி பணத்தைப் பத்தி பேசிடுவோம், ஏன்னா இந்த மாதிரி பயணத்துல பேர் கெட்டுப்போறது எப்பவும் அங்கதான்.

எதுக்கு இவ்வளவு தூரம் மிதிக்கணும்? அந்த ஃப்ளைட் டிக்கெட் காசை நேரா தொண்டுக்கு கொடுத்துடலாமே?

கொடுக்கலாம், தாராளமா கொடுங்க, அதுல ஒரு குறையும் இல்ல. ஆனா நீங்க ஒருத்தர் கொடுக்கிற காசு ஒரு தடவையோட முடிஞ்சுடும். நீங்க மிதிக்கிறீங்கன்னு தெரிஞ்சா ஆபீஸ்ல கூட வேலை செய்யறவங்க, சித்தப்பா பெரியப்பா பசங்க, காலேஜ் வாட்ஸ்அப் குரூப்பு, பக்கத்து வீட்டுக்காரங்கன்னு சும்மா கேட்டா அம்பது ரூபா எடுக்காதவங்ககூட ஆயிரம் எடுத்து வைக்கிறாங்க, ஏன்னா அவங்க ஒரு கொள்கைக்கு கொடுக்கலை, தெரிஞ்ச ஒரு ஆளுக்காக கொடுக்கிறாங்க. அமெரிக்காவுல மாசசூசெட்ஸ்ல 1980-ல தொடங்கின பான்-மாஸ் சேலஞ்ச்னு ஒரு சைக்கிள் ஓட்டம் இருக்கு, டானா-ஃபார்பர் புற்றுநோய் மையத்துக்காக நடத்துறது. வருஷா வருஷம் ஓட்டி இதுவரைக்கும் 100 கோடி டாலருக்கு மேல சேர்த்துட்டாங்க. அத்தனையும் ரைடர்ஸ் ஒவ்வொருத்தரும் தெரிஞ்சவங்ககிட்ட கை நீட்டி வாங்கின காசுதான்.

வர்ற நன்கொடையிலேர்ந்து பயணச் செலவை எடுத்துக்கலாமா? கொஞ்சமா?

வேண்டாம். இதுல எனக்கு ரெண்டாவது அபிப்பிராயமே கிடையாது. டிக்கெட், விசா, வண்டி, ஹோட்டல், சாப்பாடு எல்லாம் உங்க சொந்தக் காசு, மத்தவங்க கொடுக்கிற ஒவ்வொரு ரூபாயும் தொண்டுக்கு. மேல சொன்ன பான்-மாஸ் சேலஞ்ச்ல 2007-லேர்ந்து ரைடர்ஸ் சேர்க்கிற பணம் முழுசும் மருத்துவமனைக்கே போகுது, ஓட்டத்தை நடத்துற செலவை ஸ்பான்சர் கம்பெனிகள், பதிவுக் கட்டணம் மாதிரி வேற வழியில ஈடுகட்டிடுறாங்க. மக்கள் நம்பி கொடுக்கறதுக்கு அது பெரிய காரணம்.

பிரிட்டன்ல வேற ஒரு முறையும் ரொம்ப நாளா இருக்கு. தொண்டு நிறுவனமும் டூர் கம்பெனியும் சேர்ந்து லண்டன் டு பாரிஸ், வியட்நாம் டு கம்போடியான்னு பேக்கேஜ் போடுவாங்க, நீங்க ஒரு பதிவுக் கட்டணம் கட்டிட்டு, குறைஞ்சபட்சம் இவ்வளவு நிதி சேர்த்துத் தர்றேன்னு ஒத்துக்கணும், சேர்த்த காசுலேர்ந்து ஒரு பங்கு உங்க ஹோட்டலுக்கும் சாப்பாட்டுக்கும் போகும். சட்டப்படி தப்பில்லை, ஆனா அந்த விஷயத்தை கொடுக்கிறவங்ககிட்ட வெளிப்படையா சொல்லியாகணும். பெரும்பாலான பேக்கேஜ்ல செலவை நானே கட்டிக்கிறேன்னு ஒரு ஆப்ஷனும் இருக்கும், அதை எடுங்க. உங்க அத்தை பென்ஷன்லேர்ந்து எடுத்துக் கொடுக்கிற ரெண்டாயிரத்துல நீங்க மத்தியானம் பிட்ஸா சாப்பிட்டீங்கன்னு பின்னாடி தெரிஞ்சா, அடுத்த தடவை நிஜமா தேவைப்படுற ஒருத்தருக்கு அவங்க கொடுக்க மாட்டாங்க.

கைக்காசு பத்தலையா? பயணத்தை சின்னதாக்குங்க. பஸ்ஸாவ் டு வியன்னா மட்டும்னா 300 கிலோமீட்டர் சொச்சம்தான், அஞ்சாறு நாள்ல முடிஞ்சுடும், அதுக்கும் ஜனங்க கொடுக்கத்தான் செய்யறாங்க.

எந்த தொண்டுக்குன்னு எப்படி முடிவு பண்றது?

ரூட்டுக்கு முன்னாடி இதை முடிவு பண்ணுங்க. உங்க வாழ்க்கையில தொட்ட ஒண்ணா இருந்தா பேசும்போதே அது தெரியும், அப்பாவுக்கு கேன்சர் வந்துச்சு, தங்கச்சி குழந்தைக்கு காது கேக்கலைன்னு. அப்படி ஒண்ணும் தோணலைன்னா நான் சைக்கிளுக்கு சைக்கிளையே சொல்லுவேன்.

வேர்ல்டு பைசிக்கிள் ரிலீஃப்னு ஒரு அமைப்பு. 2004 டிசம்பர் சுனாமிக்கு அப்பறம்தான் இது பிறந்துச்சு. சைக்கிள் பாகங்கள் செய்யற ஸ்ராம் கம்பெனியோட நிறுவனர்கள்ல ஒருத்தரான எஃப்.கே. டேவும் அவர் மனைவி லியா மிஸ்பாக் டேவும் 2005-ல இலங்கைக்குப் போய், வீடு வாசல் தோணி எல்லாம் இழந்து நின்ன ஜனங்களுக்கு வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போக என்ன வேணும்னு பாத்து, வேர்ல்டு விஷன் அமைப்போட சேர்ந்து 24,000-க்கு மேல சைக்கிள் கொடுத்தாங்க. அதுக்கப்பறம் சாம்பியா, கென்யா, மலாவி, ஜிம்பாப்வேன்னு ஆப்பிரிக்காவுக்கு போனாங்க. அங்க கொடுக்கறதுக்குன்னே பஃபலோன்னு ஒரு வண்டி தயார் பண்ணாங்க, தடிச்ச இரும்பு ஃப்ரேம், பின்னாடி கேரியர்ல 100 கிலோ ஏத்தலாம், பெடலை பின்பக்கமா மிதிச்சா பிரேக் பிடிக்கும், கேபிள் அறுந்து போற கவலையே இல்ல. வண்டியைக் கொடுத்துட்டு கைகழுவாம அந்தந்த ஊர் ஆளுங்களுக்கு மெக்கானிக் பயிற்சியும் கொடுக்கறாங்க, ஸ்பேர் பார்ட்ஸும் விக்கறாங்க. எனக்கு இதுல பிடிச்சதே அதுதான். இலவசமா கொடுத்த வண்டி ஒரு ஃப்ரீவீல் கிடைக்காம திண்ணையோரம் துருப்பிடிச்சு கிடக்கறதை நம்ம ஊர்லயே பாத்திருக்கோம்.

சாம்பியாவுல தூரத்துலேர்ந்து நடந்து வர்ற பொண்ணுங்களுக்கு சைக்கிள் கொடுத்து, கொடுக்காத பள்ளிக்கூடங்களோட ஒப்பிட்டு ஆராய்ச்சி பண்ணாங்க. லீவு போடறது கால்வாசிக்கு மேல குறைஞ்சுது, போய்வர்ற நேரம் ஏறக்குறைய மூணுல ஒரு பங்கு மிச்சமாச்சு. பிளஸ் ஒன் படிக்கையில அரசாங்க சைக்கிள் வாங்கி பள்ளிக்கூடம் போனவங்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

பணத்தை என் அக்கவுன்ட்ல வாங்கி மொத்தமா அனுப்பிடட்டுமா?

கூடவே கூடாது. நீங்க எவ்வளவு யோக்கியமா இருந்தாலும் சந்தேகம் வரும், வரிக் கேள்வியும் வரும். தொண்டு நிறுவனத்துக்கு நேரா போய்ச் சேர்ற மாதிரி ஒரு பக்கம் திறங்க. பிரிட்டன்ல ஜஸ்ட்கிவிங் மாதிரி தளங்கள் இருக்கு, அங்க வரி கட்டுறவங்க கொடுத்தா கிஃப்ட் எய்டுன்னு ஒவ்வொரு பவுண்டுக்கும் 25 பென்ஸ் அரசாங்கத்துலேர்ந்து தொண்டுக்கு கூடுதலா கிடைக்கும். டிக் பண்ண மறக்காதீங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்லுங்க, அது சும்மா வர்ற காசு. ஆபீஸ்ல மேட்சிங் இருக்கான்னும் எச்.ஆர்.கிட்ட கேளுங்க, நிறைய கம்பெனியில ஊழியர் சேர்க்கிற அளவுக்கு அவங்களும் போடுவாங்க, யாரும் போய் கேக்கறதில்லை.

இந்தியாவுல இருக்கிற தொண்டுக்கு வெளிநாட்டுலேர்ந்து பணம் சேர்க்கறீங்கன்னா இதை கவனமா படிங்க. வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவங்க, ஓசிஐ கார்டு வச்சிருக்கிற நம்ம ஆளுங்களும் அதுல சேர்த்தி, கொடுக்கிற காசை எஃப்சிஆர்ஏ, அதாவது வெளிநாட்டு நன்கொடை வாங்கறதுக்கான சட்டத்தோட அனுமதி இருக்கிற அமைப்புதான் வாங்க முடியும். 2020 திருத்தத்துக்கு அப்பறம் அந்தப் பணம் டெல்லியில எஸ்பிஐ மெயின் பிராஞ்சுல இருக்கிற கணக்குக்குத்தான் முதல்ல வரணும், அனுமதி வாங்கின ஒரு அமைப்பு இன்னொண்ணுக்கு மாத்திவிடவும் கூடாது. இந்திய பாஸ்போர்ட் வச்சிருக்கிற என்ஆர்ஐ சொந்த சம்பாத்தியத்துலேர்ந்து பேங்க் வழியா கொடுக்கறது இதுல வராது. ஊர்ல நல்லா தெரிஞ்ச சின்ன டிரஸ்ட்டா இருக்கும், நல்ல மனுஷங்களா இருப்பாங்க, ஆனா எஃப்சிஆர்ஏ இல்லைன்னா லண்டன்ல இருக்கிற உங்க பிரிட்டிஷ் நண்பரோட காசு அவங்களுக்கு உதவியா போகாது, தலைவலியாத்தான் போகும். பயணம் அறிவிக்கறதுக்கு முன்னாடியே எஃப்சிஆர்ஏ பதிவு நம்பர் கேட்டு வாங்கிப் பாத்துடுங்க.

இந்தியாவுக்குள்ள கொடுக்கறவங்க வருமான வரி விலக்குக்காக 80ஜி ரசீது கேப்பாங்க. ரொக்கமா 2,000 ரூபாய்க்கு மேல கொடுத்தா அந்த விலக்கு கிடையாது, புது வரி முறையில இருக்கறவங்களுக்கு எப்படிக் கொடுத்தாலும் கிடையாது. வெளிநாட்டு தொண்டுக்கு கொடுத்தாலும் 80ஜி வராது.

போற வழியில வியன்னா தெருவுல உண்டியல் குலுக்கலாமான்னு ஒரு தம்பி கேட்டாரு. வேண்டாம் தம்பி, பொது இடத்துல வசூல் பண்றதுக்கு பல ஊர்ல அனுமதி வேணும், டூரிஸ்ட் விசாவுல போய் அந்த வம்பு எதுக்கு.

எப்ப கேட்டா ஜனங்க கொடுப்பாங்க?

பக்கம் திறந்த முதல் வாரம், கிளம்புற வாரம், முடிக்கிற வாரம். நடுவுல வறண்டுதான் கிடக்கும், அதுக்காக தினமும் லிங்க்கை அனுப்பி நச்சரிக்காதீங்க. முதல்ல நீங்களே ஒரு தொகை போட்டுட்டு, நல்லா கொடுக்கக்கூடிய நாலு பேரை தனியா கூப்பிட்டு போட வைங்க, அப்பறமா ஊருக்கு அனுப்புங்க. முதல்ல தெரியற தொகை பெருசா இருந்தா பின்னாடி வர்றவங்களும் அதை ஒட்டியே கொடுக்கறாங்க, கல்யாண மொய் நோட்டு மாதிரிதான். ஃபோட்டோவும் ஆறு, மலைன்னு மட்டும் போடாதீங்க, காசு எங்க போகுதோ அந்த வேலையைப் பத்தி வாரம் ஒரு தடவையாவது எழுதுங்க.

ஏன் டான்யூப்? பாமிர், ஆப்பிரிக்கான்னு பெருசா போகலாமே?

போகலாம், முதல் தடவையே வேண்டாம்கிறேன். கெய்ரோவுலேர்ந்து கேப்டவுன் 12,000 கிலோமீட்டர் சுமாருக்கு வரும், தஜிகிஸ்தான் பாமிர் மலை ஹைவேயில அக்-பைதால் கணவாய் 4,655 மீட்டர் உயரம், மூச்சு விடவே கஷ்டமா இருக்கும். டான்யூப்ல ஆறு போற பக்கமே நாமளும் போறோம், அதனால மொத்தத்துல இறக்கம்தான். வழியெல்லாம் யூரோவெலோ 6-னு போர்டு இருக்கும், அது பிரான்ஸ்ல அட்லான்டிக் கடலோரத்துலேர்ந்து கருங்கடல் கான்ஸ்டன்ட்ஸா வரைக்கும் 4,000 கிலோமீட்டருக்கு மேல போற பாதை. நாம பிடிக்கிற பஸ்ஸாவ்லேர்ந்து பாத்தா 2,000 கிலோமீட்டருக்கு மேல வரும். ஜெர்மனி, ஆஸ்திரியா, ஸ்லோவாக்கியா, ஹங்கேரி, குரோஷியா, செர்பியா, அப்பறம் பல்கேரியா இல்லேன்னா ருமேனியா கரை, கடைசியில ருமேனியாவுல செர்னவோடாங்கற ஊர்ல ஆத்தை விட்டுட்டு கடலுக்கு குறுக்கே போயிடலாம். வியன்னா, பிராட்டிஸ்லாவா, புடாபெஸ்ட், பெல்கிரேடுன்னு நாலு தலைநகரம் வழியிலேயே வருது.

பஸ்ஸாவ்ல டான்யூப், இன், இல்ஸ்னு மூணு ஆறு கூடுது. இன் ஆறு மலையிலேர்ந்து வர்றதால வெளிர்பச்சை, இல்ஸ் கறுப்பா இருக்கும், கூடற முனையில நின்னு பாத்தா ஒண்ணுக்கொண்ணு ஒட்டாம கொஞ்ச தூரம் போறது நல்லா தெரியும். ஆஸ்திரியாவுல மெல்க்லேர்ந்து கிரெம்ஸ் வரைக்கும் வாஹாவ் பள்ளத்தாக்கு, ரெண்டு பக்கமும் திராட்சை, ஆப்ரிகாட் தோட்டம், அங்க அவசரப்பட்டு மிதிக்காதீங்க. மௌட்ஹவுசன்ல நாஜி வதைமுகாம் நினைவிடம் பாதையிலேர்ந்து கொஞ்சம் மேடேறினா இருக்கு. கட்டாயம் ஏறிப் பாருங்க, அரை நாள் போனா போகட்டும்.

விசா எப்படி?

பிரிட்டிஷ், ஐரோப்பிய பாஸ்போர்ட்காரங்களுக்கு விசா வேண்டாம், கீழ செர்பியா பதிவைப் பத்தி மட்டும் படிச்சுக்குங்க. இந்திய பாஸ்போர்ட்னா ஷெங்கன் விசா, அதாவது ஐரோப்பாவுல பல நாட்டுக்கும் பொதுவான விசா வேணும், எந்த 180 நாளை எடுத்தாலும் அதுக்குள்ள 90 நாளுக்கு மேல இருக்கக் கூடாது, குறைஞ்சது 30,000 யூரோவுக்கு மெடிக்கல் இன்ஷூரன்ஸ் காட்டணும். முக்கியமானது இதுதான்: மல்டிபிள் என்ட்ரி கேளுங்க. நடுவுல செர்பியா வருது, அது ஷெங்கன்ல இல்ல. பல்கேரியாவும் ருமேனியாவும் 2025 ஜனவரி 1-லேர்ந்து முழுசா ஷெங்கன்ல சேர்ந்துட்டதால, செர்பியாவுக்குள்ள போயிட்டு மறுபடி பல்கேரியாவுக்குள்ள வர்றது ரெண்டாவது என்ட்ரி. சிங்கிள் என்ட்ரி விசா வச்சிருந்தா பயணம் அங்கேயே முடிஞ்சுடும். விண்ணப்பத்தோட ரூட் மேப்பு, நாளுக்கு எந்த ஊருன்னு ஒரு பட்டியல், தொண்டு நிறுவனம் கொடுத்த லெட்டர் எல்லாம் வச்சு கொடுங்க.

இந்தியர்களுக்கு செர்பியா விசா இல்லாம விட்டுக்கிட்டிருந்தது 2023-லேர்ந்து கிடையாது. ஆனா செல்லுபடியாகிற ஷெங்கன் விசா கையில இருந்தா அதை வச்சே உள்ள போகலாம். செர்பியாவுல வந்து 24 மணி நேரத்துக்குள்ள தங்கற இடத்தை பதிவு பண்ணணும், ஹோட்டல்ல அவங்களே செஞ்சுடுவாங்க, யாராவது வீட்ல தங்கினா அவங்களை செய்யச் சொல்லுங்க. சைக்கிளுக்கு கார்னெட் (வண்டியை நாடு விட்டு நாடு கொண்டுபோக சுங்கத்துல காட்டற பேப்பர்) மாதிரி ஏதாவது வேணுமான்னு பைக்ல போன நண்பர்களைப் பாத்துட்டு கேக்கறாங்க, அது மோட்டார் வண்டிக்குத்தான்.

எந்த மாசம் நல்லது?

மே கடைசியிலேர்ந்து செப்டம்பர் வரைக்கும். ஆஸ்திரியா பக்கம் மேக்கு காத்து அதிகம், கிழக்கே போற நமக்கு முதுகுல தள்ளும். செர்பியாவுல நிலைமை வேற, கொஷாவான்னு ஒரு காத்து தென்கிழக்குலேர்ந்து அயர்ன் கேட்ஸ் மலையிடுக்கு வழியா பெல்கிரேடைப் பாத்து நாள் கணக்குல வீசும். இலையுதிர் காலத்துலேர்ந்து வசந்தம் வரைக்கும் அதோட காலம், அதனால அக்டோபருக்கு முன்னாடி அந்த இடத்தைத் தாண்டிடற மாதிரி கணக்கு போடுங்க. வெள்ளத்தையும் பாத்துக்கணும், 2013 ஜூன்ல பஸ்ஸாவ்ல தண்ணி 12.89 மீட்டர் ஏறுச்சு, 1501-க்கு அப்பறம் அவ்வளவு வந்ததில்லை. பாதை ஆத்தை ஒட்டியே போறதால நீர்மட்டம் ஏறினா முதல்ல மூழ்கறது நம்ம பாதைதான், அந்தந்த நாட்டு நீர்மட்ட அறிவிப்பை காலையில ஒரு தடவை பாத்துட்டு கிளம்புங்க.

ஒரு நாளைக்கு எவ்வளவு ஓட்டணும்? எனக்கு நாப்பத்தஞ்சு வயசு, முடியுமா?

முடியும். வழியெல்லாம் எழுபது வயசு ஜோடிங்க பேரன் பேத்தியோட போய்க்கிட்டிருப்பாங்க. மூட்டையோட 60-லேர்ந்து 80 கிலோமீட்டர், வாரத்துல ஒரு நாள் முழு ஓய்வு, இப்படிப் போனா அஞ்சாறு வாரத்துல கடல் வந்துடும். பயிற்சின்னா ஒரே நாள்ல 100 கிலோமீட்டர் ஓட்டிக் காட்டறது கிடையாது, இன்னிக்கு 60 ஓட்டிட்டு நாளைக்கும் அதே காலோட அதே சீட்ல உக்காந்து 60 ஓட்ட முடியுதான்னு பாக்கறதுதான். சனி, ஞாயிறு சேர்த்து நிறைய தடவை செய்ங்க, பையில சாமான் கட்டியே ஓட்டுங்க.

எந்த சைக்கிள் வாங்கறது? ஊர்ல இருக்கிற வண்டியே போதுமா?

கார்பன் ரேஸ் வண்டி வேண்டாம். பின்னாடி கேரியர் மாட்ட ஃப்ரேம்லயே திருகு ஓட்டை இருக்கணும், டயர் 38 மில்லிமீட்டருக்கு மேல போற அளவுக்கு ஃபோர்க்குல இடம் இருக்கணும், கியர் லேசா இருக்கணும், அவ்வளவுதான். ஸ்டீல் ஃப்ரேம் டூரிங் வண்டி சொகம், ஹைபிரிட்டும் தாங்கும். காசை டயர்லயும் பின் வீல்லயும் போடுங்க. மூட்டை மொத்தமும் பின் வீல் மேலதான் உக்காரும், அதுல போக்ஸ் கம்பி அறுந்தா பெரும்பாலும் செயின் பக்கத்துலதான் அறுந்துபோகும், அங்க கேஸட்டை (பின் வீல் பல்சக்கரங்களை) கழட்டாம புதுக் கம்பி போட முடியாது. கிளம்பறதுக்கு முன்னாடி நல்ல மெக்கானிக்கிட்ட கொடுத்து கம்பி எல்லாம் ஒரே மாதிரி இறுக்கி, கோட்டம் எடுத்து, ஓவராயில் பண்ணி, அப்பறம் ஒரு 200 கிலோமீட்டர் ஓட்டிட்டு மறுபடியும் கொண்டுபோய் காட்டுங்க. அதே அளவு கம்பி நாலு எடுத்து ஃப்ரேம்ல டேப் போட்டு ஒட்டிக்குங்க.

செர்பியாவுல நோவி சாட் ஊர்ல ஒரு சின்ன ரிப்பேர் கடையில ஒரு பெரியவர் என் வீலை கழட்டி, டியூனிங் ஸ்டாண்டுல மாட்டாம விரல் நகத்தை ரிம் ஓரத்துல வச்சு சுத்திவிட்டு, நகத்துல எங்க உரசுதுன்னு பாத்தே கம்பிச் சாவியைத் திருப்பினாரு. ஒரு பாஷையும் பொதுவா இல்ல. தொண்டுக்காகன்னு ஃபோன்ல மொழிபெயர்த்துக் காட்டினதும் கூலி வாங்க மாட்டேன்னு கையை நெஞ்சுல வச்சுட்டாரு. அப்படி வாங்காம விட்டவங்க கூலியை நீங்க கணக்கு போட்டு தொண்டுப் பக்கத்துல சேர்த்துடுங்க, அது அவங்க கொடுத்ததுதானே.

ஃப்ளைட்ல எப்படிக் கொண்டு போறது?

சைக்கிள் கடையில காலி அட்டைப்பெட்டி சும்மாவே கொடுப்பாங்க. ஹேண்டில்பாரைத் திருப்பி, முன் வீலைக் கழட்டி, பெடலைக் கழட்டணும், இடது பெடலுக்கு மரை எதிர்ப்பக்கம், அது தெரியாம பலத்தைக் காட்டி மரையைக் கெடுத்துடாதீங்க. பவர்பேங்க் கையில எடுத்துட்டுப் போற பையில, கேஸ் கேன் எடுத்துட்டுப் போகவே கூடாது. எலக்ட்ரிக் சைக்கிள் பேட்டரி 160 வாட் ஹவருக்கு மேல இருந்தா பயணிகள் விமானத்துல ஏத்த மாட்டாங்க, நடைமுறையில எல்லா பேட்டரியும் அதுக்கு மேலதான்.

செர்பியாவுல குகைப்பாதை பயங்கரமா இருக்கும்னு சொல்றாங்களே?

இருக்கும், ஆனா தயாரா போனா ஒண்ணும் ஆகாது. கோலுபாட்ஸ் கோட்டை தாண்டினதும் ஜெர்டாப் தேசியப் பூங்கா, மொத்தப் பயணத்துலயும் அழகான இடம் அதுதான்னு அடிச்சுச் சொல்லுவேன். செங்குத்தான பாறைக்கு நடுவுல அவ்வளவு பெரிய ஆறு ஒடுங்கிப் போகுது, அக்கரையில ருமேனியா, அங்க பாறையில அந்தக் கால டாசியா நாட்டு அரசன் டெசிபாலஸ் முகத்தை 40 மீட்டருக்கு மேல உயரமா செதுக்கி வச்சிருக்காங்க. ரோட்ல 20-க்கு மேல குகைப்பாதை வரும், பலதுல லைட்டே கிடையாது. வெயில்லேர்ந்து சட்டுனு உள்ள போனா கண்ணுக்கு ஒண்ணும் தெரியாது, பின்னாடி எங்கயோ ஒரு லாரி வந்தாலும் சத்தம் எதிரொலிச்சு தலைக்கு மேல வர்ற மாதிரி கேக்கும். வாசல்ல நின்னு கூலிங் கிளாஸைக் கழட்டுங்க, மஞ்சள் ஜாக்கெட் போடுங்க, பின்னாடி ரெண்டு சிவப்பு லைட்டு எரியணும், ஒண்ணு வண்டியில ஒண்ணு முதுகுல, வண்டி வர்ற சத்தம் இல்லைன்னு காது கொடுத்துக் கேட்டுட்டு ஒரே மூச்சா மிதிச்சு வெளிய வந்துடுங்க. காலையில சீக்கிரம் போனா போக்குவரத்து குறைவு.

லைட்டு, ஜாக்கெட் எல்லாம் சட்டத்துக்கும் வேணும். ஹங்கேரியில ஊருக்கு வெளிய ராத்திரியிலயோ மூடுபனியிலயோ ஓட்டினா பளபளக்கிற ஜாக்கெட் கட்டாயம், ஸ்லோவாக்கியாவுல ஊருக்கு வெளிய ஹெல்மெட் கட்டாயம். வழி பூரா வலது பக்கம் ஓட்டணும், காலையில தூக்கக் கலக்கத்துல கிளம்பும்போதுதான் இது மறந்துபோகும்.

நாய்?

ஆஸ்திரியாவுல கவலையில்லை, செர்பியா தாண்டி பல்கேரியா, ருமேனியா கிராமங்கள்ல துரத்தும். ஓட்டி தப்பிக்கப் பாக்காதீங்க, மூட்டையோட முடியாது. இறங்கி, வண்டியை நடுவுல வச்சுக்கிட்டு, குனிஞ்சு கல்லு எடுக்கிற மாதிரி காட்டினாலே பெரும்பாலும் நின்னுடும், நம்ம ஊர் நாய்க்கும் அந்த ஊர் நாய்க்கும் இதுல வித்தியாசமே இல்ல. கடிச்சுட்டா சோப்பு போட்டு பதினஞ்சு நிமிஷம் ஓடற தண்ணியில கழுவிட்டு அன்னிக்கே ஆஸ்பத்திரி போய் ரேபிஸ் ஊசி போடணும், நாளைக்குப் பாத்துக்கலாம்னு விடாதீங்க. எமர்ஜென்சி நம்பர் ஐரோப்பிய யூனியன் நாடுகள்ல 112, செர்பியாவுல ஆம்புலன்ஸுக்கு 194.

சைவம், சாப்பாட்டுக்கு என்ன வழி?

ஆஸ்திரியாவுல கேஸ் ஸ்பெட்ஸ்லேன்னு சீஸ் போட்ட நூடுல்ஸ் மாதிரி ஒண்ணு, ஹங்கேரியில லாங்கோஷ், அது எண்ணெயில பொரிச்ச பெரிய ரொட்டி மேல சீஸ், செர்பியாவுல சீஸ் வச்ச புரெக்னு அடுக்கு அடுக்கா சுட்ட பேஸ்ட்ரி, கூட ஐவார்னு சிவப்பு குடமிளகாய் தொக்கு, சாதத்துக்கு ஏங்கற நாக்குக்கு அந்த ஐவார் பெரிய ஆறுதல். ஜெர்மனி, ஆஸ்திரியாவுல ஞாயித்துக்கிழமை சூப்பர் மார்க்கெட் மூடிடுவாங்க, சனிக்கிழமையே வாங்கி வச்சுடுங்க. பருப்புப்பொடி, புளியோதரை மிக்ஸ் எடுத்துட்டுப் போகலாம். நெய் வேண்டாம், வெளியிலேர்ந்து ஐரோப்பிய யூனியனுக்குள்ள பால் பொருளும் இறைச்சியும் கொண்டுவரக் கூடாது.

தங்கறதுக்கு?

ஆஸ்திரியாவுல சைக்கிள்காரங்களுக்குன்னே வீட்டு ரூம் நிறைய, ஜூலை ஆகஸ்ட்ல மட்டும் முந்தின நாளே சொல்லி வைங்க. கேம்ப் சைட் மலிவு. காட்டுல கூடாரம் போடறது ஆஸ்திரியாவுல சட்டப்படி தடை. வார்ம்ஷவர்ஸ்னு சைக்கிள்காரங்க ஒருத்தரை ஒருத்தர் வீட்ல தங்கவைக்கிற ஒரு வலைத்தளம் இருக்கு, தொண்டுப் பயணம்னா இன்னும் சந்தோஷமா வரவேற்பாங்க. பதிலுக்கு உங்க வீட்டுக் கதவையும் திறந்து வைங்க.

உடம்புக்கு என்ன பாத்துக்கணும்?

முட்டி முன்னாடி வலிச்சா பெரும்பாலும் சீட்டு தாழ்வா இருக்கு, பின்னாடி வலிச்சா உயரமா இருக்கு, அஞ்சு மில்லிமீட்டர் மாத்தினாலே தெரியும். பேட் வச்ச ஷார்ட்ஸுக்குள்ள ஜட்டி போடக் கூடாது, தினமும் துவைச்சு காயவச்சுப் போடணும். சுண்டுவிரல் மரத்துப்போனா கை ஊனற இடத்தை அடிக்கடி மாத்துங்க, மரத்துப்போனதோட பல நாள் ஓட்டினா நரம்பு சரியாக வாரக்கணக்குல ஆகும்.

இதெல்லாம் விட யாரும் சொல்லாதது உண்ணி. டான்யூப் கரைப் புல்லுல இருக்கிற உண்ணி கடிச்சா மூளைக்காய்ச்சல் வர வாய்ப்பிருக்கு, ஆஸ்திரியாவுல பெரும்பாலானவங்க அதுக்கு தடுப்பூசி போட்டிருப்பாங்க. சில மாச இடைவெளியில டோஸ் போடணும்கறதால குளிர்காலத்துலயே டாக்டரைப் பாருங்க. சாயங்காலம் குளிக்கும்போது தொடை இடுக்கு, முழங்கால் பின்பக்கம் தடவிப் பாருங்க.

பொண்ணுங்க தனியா போகலாமா?

புடாபெஸ்ட் வரைக்கும் தயக்கமே வேண்டாம், நிறைய பேர் தனியா போறாங்க. அதுக்கப்பறம் ஊருக்கு ஊரு தூரம், போக்குவரத்து கலந்த ரோடு, அதனால ஆணோ பெண்ணோ ரெண்டு பேரா போறது நல்லது, வழியிலேயே துணை கிடைச்சுடும். தங்கப்போற ஊர்ப் பேரை வீட்ல ஒருத்தருக்கு தினமும் அனுப்பிடுங்க.

நம்ம நாட்டுக்காரங்க இப்படி போயிருக்காங்களா?

நிறைய. 1923-ல பம்பாயிலேர்ந்து கிளம்பின பார்சி இளைஞர்கள்ல மூணு பேர் உலகத்தையே சுத்திட்டு 1928-ல திரும்பினாங்க, கியர் கிடையாது, மேப்பும் சரியா கிடையாது. நல்ல காரியத்துக்குன்னு பாத்தா, சுந்தரவனப் பகுதியைச் சேர்ந்த சோமன் தேப்நாத் எச்ஐவி விழிப்புணர்வுக்காக 2004-ல கிளம்பி பல கண்டம் தாண்டி வருஷக்கணக்குல மிதிச்சவரு.

பாதியில நின்னுட்டா வாங்கின பணத்தை திருப்பிக் கொடுக்கணுமா?

பக்கம் திறக்கும்போதே எழுதிடுங்க: நான் முடிச்சாலும் முடிக்கலைன்னாலும் இந்தப் பணம் தொண்டுக்குத்தான். கை கால் உடையலாம், வீட்ல அவசரம் வரலாம். நின்னா அன்னிக்கே எங்க, ஏன் நின்னீங்கன்னு எழுதுங்க, மறைச்சு ரயில்ல போய்ட்டு கடற்கரையில ஃபோட்டோ மட்டும் எடுக்காதீங்க. ஒரு பகுதி ரயில்ல போனா போனேன்னே சொல்லலாம், கொடுத்தவங்க யாரும் அதுக்கு கோவிச்சுக்கறதில்லை.

முடிச்சப்பறம்?

கான்ஸ்டன்ட்ஸாவுலேர்ந்து ரயில்ல புக்காரெஸ்ட் வந்து அங்கேர்ந்து பறக்கறது சுலபம், அட்டைப்பெட்டிக்கு புக்காரெஸ்ட் சைக்கிள் கடைக்கு ஒரு வாரம் முன்னாடியே மெசேஜ் போட்டு வைங்க. வீட்டுக்கு வந்ததும் நன்கொடைப் பக்கத்தை உடனே மூடாம ஒரு மாசம் திறந்தே வைங்க, பாத்துட்டு கொடுக்கலாம்னு இருந்தவங்க அப்பதான் கொடுப்பாங்க. அப்பறம் மொத்தம் எவ்வளவு சேர்ந்துச்சு, தளம் பிடிச்ச கட்டணம் எவ்வளவு, தொண்டுக்கு போய்ச் சேர்ந்தது எவ்வளவுன்னு அவங்க கொடுத்த ரசீதோட ஒரு பக்கத்துல எழுதி, கொடுத்த ஒவ்வொருத்தருக்கும் பேர் போட்டு தனியா அனுப்புங்க, அம்பது ரூபா கொடுத்தவங்களுக்கும். ஆறு மாசம் கழிச்சு அந்தப் பணத்துல என்ன நடந்துச்சுன்னு தொண்டு நிறுவனத்துக்கிட்ட கேட்டு இன்னொரு தடவை எழுதணும், காலண்டர்ல இப்பவே தேதி குறிச்சு வச்சுக்குங்க.